பொலியில் எத்தனை பங்கு?

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் 'இடைக்காலம்' பாடம் வந்ததும் பிள்ளைகள் முதலில் கேட்பது கோட்டையைத்தான். சினிமாவில் பார்த்த கற்கோட்டை, அகழி, இரும்புச் சட்டை மாட்டிய குதிரை வீரன். நான் கோட்டையைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். எங்கள் குருவிகுளத்துப் பிள்ளைக்குக் கோட்டை திரையில்தான் இருக்கிறது. களம் ஊரை ஒட்டியே கிடக்கிறது. மார்கழி, தை மாதங்களில் உளுந்தும் கம்பும் அடித்துத் தூற்றிக் குவிக்கிற இடம் அது. அந்தக் குவியலுக்கு உழவர்களான சம்சாரிகள் சொல்லும் பெயர் பொலி.

"இந்தப் பொலியில யார் யாருக்குப் பங்கு?" என்று கேட்டுத்தான் பாடத்தை ஆரம்பிப்பேன். "எங்க அய்யாவுக்கு" என்பான் ஒருவன். "வட்டிக்கடைக்காரருக்கு" என்பாள் ஒருத்தி. வகுப்பு சிரித்து ஓய்ந்ததும் சொல்வேன்: ஆயிரம் வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்திலும் பிரான்சிலும் இருந்த பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் பதில் இன்னும் நீளமாக வந்திருக்கும். அந்தப் பதிலைத் தெரிந்துகொண்டால் ஐரோப்பாவின் இடைக்காலம் பாதி தெரிந்த மாதிரி. நம்மூர்ப் பாளையமும் ஜமீனும் மீதிப் பாதியை விளங்க வைக்கும்.

முதலில் காலத்தை ஒட்டவைக்க வேண்டும். அதற்கு நான் கழுகுமலையைப் பிடித்துக்கொள்வேன். குருவிகுளத்துப் பிள்ளைகளில் அந்த மலை ஏறாதவர் கிடையாது. அங்கே ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்து, முடியாமல் நின்றுபோன வெட்டுவான் கோயில் 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. பக்கத்துப் பாறை முழுக்கச் சமணத் திருமேனிகள். பலவற்றின் கீழே செய்வித்தவர் பெயரும் ஊரும் வட்டெழுத்தில் இருக்கின்றன. அக்காலத்துப் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் பிராங்குகளின் அரசன் சார்லமேன் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்டுகொண்டிருந்தான். 800-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ரோமாபுரியில் போப்பாண்டவர் அவனுக்குப் பேரரசனாக முடிசூட்டினார். நம் மலையில் உளிச்சத்தம் கேட்ட காலத்துக்கு இரண்டொரு தலைமுறை முன்பின்னாகத்தான் இது நடந்திருக்கிறது. இதைச் சொன்னதும் 'இடைக்காலம்' பிள்ளைகளுக்கு மலையடிவாரம் வரை வந்துவிடும்.

சார்லமேன் 814-இல் இறந்தான். 843-இல் பேரன்மார் மூவரும் வெர்டன் உடன்படிக்கை எழுதி ராஜ்ஜியத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வடக்கிலிருந்து வைக்கிங்குகள் ஆற்று வழியே படகில் வந்து ஊர்களைக் கொளுத்தினார்கள். அரசன் எங்கோ இருந்தான். கொள்ளைக்காரன் வாசலில் நின்றான். அப்போது குதிரையும் வாளும் நாலு ஆட்களும் வைத்திருந்த உள்ளூர்த் தலைவன்தான் காவலாக நின்றான். அதற்கு விலை கேட்டான். விலை பொலியிலிருந்து போயிற்று. ஐரோப்பிய நிலப்பிரபுத்துவம் இப்படித்தான் ஊன்றியது. மேலே அரசன், அவனுக்குக் கீழே நிலம் பெற்ற பிரபு, அவனுக்குக் கீழே குதிரை வீரன், எல்லோருக்கும் அடியில் உழுகிறவன்.

பிரபுவின் பண்ணைக் கிராமத்துக்கு மேனர் என்று பெயர். நடுவில் பிரபுவின் மாளிகை, பக்கத்தில் தேவாலயம், ஒரு மாவு ஆலை, வரிசையாகக் கூரை வீடுகள், சுற்றிலும் நிலம். பல ஊர்களில் நிலத்தை மூன்று பெரிய வயல்களாகப் பிரித்திருந்தார்கள். ஒன்றில் குளிர்காலத்துக்கு முந்தி விதைக்கும் கோதுமை அல்லது ரை. இன்னொன்றில் வசந்தத்தில் விதைக்கும் பார்லி, ஓட்ஸ், பயறு. மூன்றாவது தரிசு. அடுத்த வருஷம் மாற்றிக்கொள்வார்கள். பருத்திக்குள் உளுந்தும் கம்பும் ஊடே போட்டு விதைக்கிற கரிசல்காட்டுப் பிள்ளைக்கு இந்தச் சூட்சுமம் உடனே பிடிபடும். மண்ணுக்கு ஓய்வு வேண்டும், அல்லது மாற்று வேண்டும்.

ஆனால் விளைச்சலைக் கேட்டால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஒரு மரக்கால் விதைத்தால் நாலு மரக்கால் கிடைப்பதே அங்கே பரவாயில்லாத மகசூல். அதில் ஒன்று அடுத்த வருஷ விதைக்குப் போய்விடும். மிச்சம் மூன்றில்தான் எல்லோருக்கும் பங்கு. பத்தில் ஒன்று தேவாலயத்துக்கு. மாவரைக்கப் பிரபுவின் ஆலைக்குத்தான் போக வேண்டும். அரைத்த மாவில் அவனுக்கு ஒரு பங்கு. வீட்டுத் திருகையில் அரைத்து மாட்டிக்கொண்டால் அபராதம். மகளைக் கட்டிக்கொடுக்கப் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். குடும்பத் தலைவன் செத்தால் தொழுவத்தில் இருப்பதிலேயே நல்ல மாட்டைப் பிரபு ஓட்டிக்கொண்டு போவான். இதற்கெல்லாம் மேலே, வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் சொந்த நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். தன் கதிர் முற்றி உதிர்ந்தாலும் பிரபுவின் கதிரைத்தான் முதலில் அறுக்க வேண்டும். இவ்வளவுக்கும் கட்டுப்பட்டவன் பண்ணையடிமை. அவனை நிலத்தைவிட்டுப் பிரித்துத் தனியாக விற்பது வழக்கமில்லை. நிலம் கைமாறினால் அவனும் சேர்ந்தே கைமாறுவான்.

இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் 1086-இல் ஊர் ஊராக ஆளனுப்பிக் கணக்கெடுத்தான். இந்த ஊரில் எத்தனை ஏர், எத்தனை ஆலை, எத்தனை பன்றி மேயும் காடு, எத்தனை குடி, முன்பு என்ன மதிப்பு, இப்போது என்ன மதிப்பு என்று கேட்டு, 13,000-க்கும் மேற்பட்ட ஊர்களை எழுதி வைத்தார்கள். டூம்ஸ்டே புத்தகம் என்று அதற்குப் பெயர். நம்மூர்க் கர்ணம் கணக்கு எழுதிய முறை தெரிந்தவர்களுக்கு அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. எந்த ராஜா வந்தாலும் முதலில் கேட்பது ஏர்க்கணக்குத்தான்.

"சார், பொம்பளைங்க என்ன செஞ்சாங்க?" என்று எந்த வருஷத்திலும் ஒரு பெண் கேட்டுவிடுவாள். பாடப்புத்தகம் அதிகம் பேசாத விஷயம் இது. கதிர் அறுப்பு, களையெடுப்பு, நூல் நூற்பு, பால் கறந்து பாலாடைக்கட்டி செய்வது, பார்லியில் 'ஏல்' என்ற பானம் காய்ச்சி விற்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் வேலை. நல்ல தண்ணீர் கிடைப்பது பாடாக இருந்த ஊர்களில் சின்னப் பிள்ளைகள்கூட லேசான ஏலைக் குடித்தார்கள். தினச் சாப்பாடு கருத்த ரை ரொட்டியும், முட்டைக்கோசும் பயறும் போட்டுக் கொதிக்கவைத்த கஞ்சியும். இறைச்சி விசேஷ நாளுக்கு. நம் ஆச்சிமார் கம்மங்கூழும் குதிரைவாலிச் சோறும் தின்று, நெல்லுச்சோற்றைத் தீபாவளிக்குப் பார்த்த கதையை வீட்டில் கேட்ட பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இனி நம்மூர்ப் பக்கம் வருவோம். 1529 வாக்கில் மதுரையில் விசுவநாத நாயக்கர் ஆட்சி தொடங்கியது. தளவாய் அரியநாத முதலியார் துணையோடு நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தார் என்பது வரலாறு. மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களுக்கும் ஒரு பாளையக்காரர் வீதம் பொறுப்பு. பாளையத்தின் வருமானத்தில் மூன்றில் ஒன்று நாயக்க மன்னருக்கு, மூன்றில் ஒன்று படைச் செலவுக்கு, மூன்றில் ஒன்று பாளையக்காரருக்கு என்பது வழிவழியாகச் சொல்லும் கணக்கு. திருநெல்வேலிச் சீமையின் மேற்கே, மலையடிவாரத்தில், பெரும்பாலும் மறவர் பாளையங்கள்: நெற்கட்டும்செவல், சிவகிரி, சேத்தூர், ஊற்றுமலை. கிழக்கே கரிசல் பூமியில் பெரும்பாலும் தெலுங்கு பேசும் நாயக்கர் பாளையங்கள்: பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம். குருவிகுளமும் ஜமீன் ஊர்தான். அதன் ஜமீன் குடும்பம் கம்மவார் மரபு; ஆந்திரத்துக் கண்டிக்கோட்டையை ஆண்ட பெம்மசானி வம்சத்தின் கிளை என்று சொல்வார்கள்.

பாளையக்காரர் கையிலிருந்த பெரிய அதிகாரம் காவல். தன் ஊருக்குள் இருந்தது ஸ்தலக் காவல். சுற்று வட்டாரத்துக்கும் பாதைகளுக்கும் இருந்தது தேசக் காவல். காவலுக்கென்று ஊர்கள் தானியமும் பணமும் கொடுத்தன. பதிலுக்கு, களவு போனால் காவல்காரன் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் கைப்பொருள் போட்டு ஈடுகட்ட வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காவலுக்குக் கூலி கொடுக்க மறுத்த ஊரில் மாடு காணாமல் போவதும், 'துப்புக்கூலி' கொடுத்தவுடன் அதே மாடு ஓடைக்கரையில் கட்டிக் கிடப்பதும் இந்தச் சீமைக்குத் தெரியாத சங்கதியல்ல. பிரெஞ்சு தேசத்துக் குடியானவனும் தன் பிரபுவைப் பற்றி இதையேதான் சொல்லியிருப்பான். வாள் வைத்திருக்கிறவனுக்குப் பணம் கொடுத்தது கொள்ளைக்காரனிடமிருந்து தப்பவா, அவனிடமிருந்தே தப்பவா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

அந்தக் காலத்துக் களத்துமேட்டுக்குப் பிள்ளைகளை மனசால் கூட்டிக்கொண்டு போவேன். குளத்துப் பாசன நன்செயில் நெல்லடித்துப் பொலி போட்டாகிவிட்டது. அளக்கும் நாள் வரும்வரை ஒரு மரக்கால் குறையக்கூடாது என்று எழுத்து வெட்டிய முத்திரைப் பலகையால் குவியலைச் சுற்றிச் சாம்பல் குறி போட்டிருக்கிறார்கள். குறி கலைந்தால் களவு. அளக்கிறவர் கிழக்கே பார்த்து உட்கார்ந்து மரக்காலைக் குத்துகிறார். முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்ல மாட்டார். 'லாபம்' என்பார், அடுத்தது இரண்டு. இருபத்தோரு மரக்கால் சேர்ந்தால் ஒரு கோட்டை. சாமிக்கு எடுத்து வைத்தாயிற்று. கொல்லர், தச்சர், நாவிதர், வண்ணார் வரிசையாக நிற்கிறார்கள். வருஷம் முழுக்கக் கலப்பைக்குக் கொழு அடித்ததற்கும் துணி வெளுத்ததற்கும் அவர்களுக்கு இங்கேதான் சம்பளம். தலையாரிக்கும் வெட்டிக்கும் நீர்பாய்ச்சிக்கும் கர்ணத்துக்கும் மேரை என்ற பங்கு போகிறது. அதற்குப் பிறகு மேல்வாரம், குடிவாரம். மேல்வாரம் ஆள்பவருக்கு, குடிவாரம் பயிரிட்டவருக்கு. குடிவாரத்திலிருந்து உழவு மாட்டுக் கடனும் விதைக் கடனும் கழியும். எல்லோரும் போன பிறகு களத்தில் உதிர்ந்து மண்ணோடு கிடக்கிற மணியைக் கூட்டி அள்ளிக்கொள்ள ஒருவர் காத்திருப்பார். வருஷம் முழுக்க அந்த வயலில் அதிகமாகக் குனிந்தவர் அவர்தான்.

புன்செய்க் கரிசலில் நடைமுறை வேறு. அங்கே பெரும்பாலும் பணத் தீர்வை. மழை பெய்தாலும் பொய்த்தாலும் கிஸ்திக்குத் தவணை மாறாது. வாரமாவது விளைச்சலோடு சேர்ந்து ஏறி இறங்கும், தீர்வை இறங்காது. கரிசல் சம்சாரியின் கடன் பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இங்கே ஒரு பையன் கண்டிப்பாகக் கேட்பான்: "அப்போ ஐரோப்பாவுல ஆயிரம் வருஷத்துக்கு முந்தி நடந்தது நமக்கு ஐந்நூறு வருஷம் பிந்தி நடந்துச்சா சார்? நாம பின்தங்கிட்டோமா?" நல்ல கேள்வி. இல்லை என்பதே பதில். 919-லும் 921-லும் உத்திரமேரூரில் குடவோலை போட்டு ஊர்ச்சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதியைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்த ஆண்டுகளில் பிரான்சின் வடக்குக் கரையில் வைக்கிங்குகள் காலூன்றிக்கொண்டிருந்தார்கள். 1290-களில் மார்க்கோ போலோ தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகத்தைப் பார்த்து, கப்பலில் வந்திறங்கும் குதிரைகளையும் பாண்டியரின் செல்வத்தையும் வியந்து பேசினார். எல்லா நாடும் ஒரே படிக்கட்டில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறவில்லை. ஆனால் எங்கே மைய அரசு தளர்ந்து உள்ளூர் வாள் பலக்கிறதோ, அங்கே களத்தில் ஒரு புதுப் பங்காளி வந்து உட்காருகிறான். அது இரண்டு இடத்துக்கும் பொது.

ஒற்றுமையைச் சொன்ன கையோடு வேற்றுமையையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பியப் பண்ணையடிமை மண்ணோடு கட்டப்பட்டவன். அனுமதியில்லாமல் மேனரைவிட்டு நகரக்கூடாது. கரிசல் குடிகளோ இடம்பெயர்ந்து வந்தவர்கள். காட்டை வெட்டி, முள்ளைக் கொளுத்தி, நிலம் திருத்தி உட்கார்ந்தவர்கள். பாளையக்காரர் கொடுமை தாங்காவிட்டால் வண்டியில் சாமான் ஏற்றி அடுத்த பாளையத்துக்குப் போய்விட்ட குடிகள் உண்டு. ஆளில்லாத கரிசலுக்கு விலையில்லை. ஆகவே குடியைத் தக்கவைக்கப் பாளையக்காரரும் கொஞ்சம் இறங்கிவர வேண்டியிருந்தது.

ஆனால் இந்தச் சுதந்திரம் எல்லோருக்கும் இல்லை. ஐரோப்பாவில் மேனரிலிருந்து ஓடிப்போன ஒருவன் ஒரு நகரத்துக்குள் ஒரு வருஷமும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்துவிட்டால், பல இடங்களில் சட்டப்படி விடுதலை பெற்றுவிடுவான். பிறகு செருப்புத் தைக்கலாம், சங்கத்தில் சேரலாம், பழைய பிரபுவின் மகனுக்கே சரக்கு விற்கலாம். நம்மூரில் கடைசியில் நின்று மண் கலந்த நெல்லை அள்ளியவர் எந்த ஊருக்கு ஓடினாலும் சாதி அவருக்கு முன்னே போய் அங்கே காத்திருந்தது. தாமிரபரணிப் பாசனத்தில் நிலத்தோடு ஆட்களும் கைமாறிய அடிமை முறைக்கு 1843-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டம்தான் சட்ட ஆதரவை நீக்கியது. ஐரோப்பாவில் பண்ணையடிமை பின்வரிசையில் நின்றாலும் பிரபு தொழுத அதே தேவாலயத்துக்குள்தான் நின்றான். இங்கே ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சங்கரன்கோவில் தேரோடும் வீதியில் பருத்தியையும் வத்தலையும் கம்பையும் கோமதியம்மனுக்குச் சூறைவிட்ட சம்சாரிக் கூட்டம் பெரிது. அந்தப் பருத்தியை எடுத்த கைகளில் பலவற்றுக்குக் கோயிலுக்குள் நுழையச் சட்டப் பாதுகாப்பு வந்தது 1939-இல்தான். இந்த இடத்தில் நான் குரலைத் தணித்துப் பேசுவதில்லை. பிள்ளைகள் எல்லாத் தெருவிலிருந்தும் வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அது தானாக நடந்துவிடவில்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஐரோப்பாவின் முறை எப்படி உடைந்தது? 1347-இல் கருங்கடலிலிருந்து வந்த கப்பல்களோடு கொள்ளைநோய் சிசிலியில் இறங்கியது. 1351-க்குள் ஐரோப்பியர்களில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ செத்துப்போனார்கள். ஆள் குறைந்ததால் கூலி ஏறியது. 1351-இல் இங்கிலாந்து அரசு பழைய கூலிக்கே வேலை செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டது. குடியானவர்கள் முணுமுணுத்தார்கள், தலைவரி போட்டபோது 1381-இல் வாட் டைலர் தலைமையில் லண்டனுக்கே போய்விட்டார்கள். பண்ணையடிமை முறையை ஒழி என்பது அவர்களின் முதல் கோரிக்கை. எதிரே நின்ற அரசன் இரண்டாம் ரிச்சர்டுக்கு வயது 14. "உங்க வயசுதான்" என்றால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். சரி என்று வாக்குக் கொடுத்தான். வாட் டைலர் வெட்டுப்பட்ட பிறகு வாக்கை மறந்தான். ஆனாலும் அந்த முறை அதன்பின் இங்கிலாந்தில் மெல்லத் தேய்ந்தது. பிரான்சில் 1789 ஆகஸ்ட் 4 இரவு பிரபுக்களின் சலுகைகளைச் சபை ஒழித்தது. ருஷ்யாவில் அதற்கு 1861 வரை ஆயிற்று.

நம்மூரில் உடைத்தது வெள்ளைக்காரன்; அதுவும் தன் லாபத்துக்காக. ஆற்காட்டு நவாபிடமிருந்து வரி வசூலை எடுத்துக்கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பாளையக்காரரின் காவல் கூலியும் ஆட்களும் கோட்டையும் தடையாக இருந்தன. 1755-இல் நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவர் கப்பம் கட்ட மறுத்தார். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். அவர் தம்பி ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை 1801 மே மாதம் விழுந்தது. பீரங்கிக் குண்டை மண்சுவர் வாங்கி விழுங்கிக்கொண்டதால்தான் அது அவ்வளவு நாள் தாங்கியது. பிறகு கோட்டைகளை இடித்தார்கள், ஆயுதங்களைப் பறித்தார்கள். 1803-இல் எஞ்சிய பாளையக்காரர்களுக்கு நிரந்தரப் பட்டயம் கொடுத்து ஜமீன்தார்களாக்கினார்கள். வாள் போயிற்று, மேல்வாரம் போகவில்லை. முன்பு காவல் காத்ததற்காவது கூலி வாங்கினார்கள். இப்போது காவல் கம்பெனிக்கு, வரி மட்டும் ஜமீனுக்கு.

ஐரோப்பாவில் சாவு கூலியை உயர்த்தியது. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் இங்கே அப்படிச் செய்யவில்லை. பிழைத்தவர்களில் பலர் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். 1908-இல் வந்த சென்னை எஸ்டேட் நிலச் சட்டம்தான் ஜமீன் குடிகளுக்கு நிலத்தில் நிலையான உரிமையை எழுதிக் கொடுத்தது. 1948-ஆம் ஆண்டின் 26-ஆவது சட்டம் ஜமீனையே ஒழித்து நிலங்களை ரயத்துவாரியாக, அதாவது குடிகளே அரசுக்கு நேராக வரி கட்டும் முறைக்கு, மாற்றியது. சட்டம் பட்டாவில் பெயர் இருந்தவரைக் காப்பாற்றியது. களத்தில் கடைசியில் நின்றவருக்குப் பட்டாவே இல்லை.

ஆகவே இடைக்காலம் கோட்டைக்குள் இல்லை, களத்தில் இருந்தது என்பதே என் தீர்ப்பு. அது எப்போது முடிந்தது என்று தேர்வில் கேட்டால், புத்தகத்தில் உள்ளபடி 15-ஆம் நூற்றாண்டு என்று எழுதி மதிப்பெண் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடமும் ஆச்சியிடமும் வேறு மாதிரிக் கேளுங்கள்: நம் வீட்டார் களத்தில் எந்த வரிசையில் நின்றார்கள், யார் அளந்தார்கள், யாருக்கு எத்தனை மரக்கால் போனது, பட்டா எந்த வருஷம் வந்தது, வராமலே போனதா. பரணில் பழைய கிஸ்தி ரசீது இருந்தால் எடைக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். அந்தக் காலத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆடித்தபசு விடுமுறைக்கு முன்னால் கேட்டு எழுதிவிடுங்கள்.